தொலைந்த பார்சலுக்கு இழப்பீடு: ஆன்லைனில் விற்பவர்கள் யாரிடம், எப்படி, எதுவரை கேட்கலாம்

கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டிலிருந்தபடி சேலை விற்கும் ஒருவர், 4,800 ரூபாய் சேலை ஒன்றை ஸ்பீடு போஸ்ட்டில் புனேவுக்கு அனுப்பியிருக்கிறார். இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. தபால் செலவு 90 ரூபாய். ட்ராக்கிங் ஒரு வாரத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கிறது. அஞ்சலகத்தில் "கட்டிய காசில் இரண்டு மடங்குதான் கிடைக்கும்" என்கிறார்கள். அது சரியா? முழுத் தொகையும் வாங்க வழி உண்டா? தனியார் கூரியருக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

அஞ்சலகத்தில் சொன்னது சரிதான். உள்நாட்டு ஸ்பீடு போஸ்ட் தொலைந்தாலும், உள்ளிருந்த பொருள் காணாமல் போனாலும், சேதமானாலும் இழப்பீட்டுக்கு நீண்ட காலமாக உள்ள விதி ஒன்றுதான்: கட்டிய ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 90 ரூபாய்க்கு 180 ரூபாய். அந்த ஆயிரத்தைப் பார்த்துவிட்டு, தொலைந்தால் ஆயிரமாவது வரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் என்பது மேல்வரம்பு. அதை எட்ட வேண்டுமானால் தபால் கட்டணமே 500 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். பொருளின் விலைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

வழக்குப் போட்டு முழுத் தொகையும் வாங்கலாமே என்றால், சட்டம் குறுக்கே நிற்கிறது. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தபால் தொலைந்தால் அரசுக்குப் பொறுப்பில்லை என்றது. அரசு தானாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டு அஞ்சல் அலுவலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை: விதிகளில் சொல்லப்பட்ட பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு இல்லை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ தொலைத்தார் என்று காட்டினால் அந்த ஊழியர் பொறுப்பாவார். அதைக் காட்டுவது எளிதல்ல, எந்தக் கையில் தொலைந்தது என்பதே வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

எனவே இன்சூரன்ஸ் இல்லாத அந்தச் சேலைக்கு அஞ்சல் துறையிடமிருந்து 4,800 ரூபாய் எதிர்பார்க்க வேண்டாம். இதை முதலிலேயே தெளிவாகச் சொல்வது அவசியம், ஏனென்றால் கிடைக்காத தொகைக்காக மாதக்கணக்கில் அலைந்து, கிடைக்கக்கூடியதையும் கெடு தாண்டி இழப்பவர்கள் அதிகம்.

ஆனால் புகார் கட்டாயம் கொடுங்கள். 180 ரூபாய்க்காக அல்ல, சேலைக்காக. ட்ராக்கிங்கில் நின்றுபோன பார்சல்கள் எல்லாம் திருடப்பட்டவை அல்ல. லேபிள் கிழிந்தவை, வேறு ஊர்ப் பைக்குள் போய்விட்டவை, ஸ்கேன் ஆகாமல் மூலையில் கிடப்பவை என்று பல வகை. யாராவது எழுத்தில் கேட்டால்தான் தேடுவார்கள்.

புகாரைத் துறையின் இணையதளத்தில் பதியலாம், 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதியலாம். இரண்டில் எதுவானாலும் புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். கவுண்டரில் வாய்ச்சொல்லாகச் சொன்னது புகாரே ஆகாது. ஸ்பீடு போஸ்ட் எண் 13 எழுத்துகள் கொண்டது: 'இ'யில் தொடங்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒன்பது இலக்கங்கள், கடைசியில் 'ஐ.என்.' அதைத் தப்பாக எழுதினால் புகார் "விவரம் இல்லை" என்று மூடப்படும். புகாரில் கதை வேண்டாம். எண், அனுப்பிய தேதி, அனுப்பிய அஞ்சலகம், ரசீதில் உள்ள எடை, பெறுநரின் பின்கோடு, கடைசி ஸ்கேன் எந்த ஊரில் எந்தத் தேதியில், உள்ளே என்ன, என்ன விலை. கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "பார்சலைத் தேடி பெறுநரிடம் சேர்க்கவும். சேர்க்க இயலாவிட்டால் தொலைந்துவிட்டதாக எழுத்துமூலம் உறுதிசெய்து, விதிப்படியான இழப்பீட்டை எனக்கு வழங்கவும்." இந்த இரண்டாவது கோரிக்கையை எழுதாவிட்டால், "விசாரணை நடக்கிறது" என்ற பதிலோடு புகாரை முடித்துவிட இடம் கொடுக்கிறீர்கள். அனுப்பிய நாளிலிருந்து மூன்று மாதம் தாண்ட விடாதீர்கள். மூன்றாவது வாரத்துக்குள் பதிந்துவிடுவதே நல்லது, நாள் ஆக ஆகப் பைகளின் தடம் அழிந்துவிடும்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மேலே போகும் வரிசை: அனுப்பிய ஊரின் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர், அதற்கு மேல் மண்டல போஸ்ட் மாஸ்டர் ஜெனரல், பிறகு சென்னையில் உள்ள தலைமை போஸ்ட் மாஸ்டர் ஜெனரல். தமிழ்நாட்டில் சென்னை நகரம், கோவை, திருச்சி, மதுரை என நான்கு மண்டலங்கள். கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் நடக்கும் தபால் அதாலத்துக்கு, அதாவது அஞ்சல் துறையின் குறைகேட்புக் கூட்டத்துக்கு, முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்திலும் போடலாம். அங்கே போட்ட மனுவுக்குப் பதில் வராமல் இருப்பது அரிது, ஆனால் பதிலின் தரம் உங்கள் மனுவின் துல்லியத்தைப் பொறுத்தது.

இன்னொரு வலுவான கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "என் பார்சல் எங்கே" என்று கேட்டால் உபயோகமில்லை. இப்படிக் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள பார்சல் எந்தத் தேதியில் எந்த எண்ணுள்ள பையில் வைத்து எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, அந்தப் பையைப் பெற்ற அலுவலகம் பட்டியலில் குறைவு ஏதும் பதிந்ததா, என் புகார் மீது நடந்த விசாரணை அறிக்கையின் நகல் என்ன. பையைத் திறந்த இடத்தில் பார்சல் இருந்ததா இல்லையா என்பது இதில் தெரிந்துவிடும். தனியார் கூரியரிடம் இந்த வசதி கிடையாது.

அடுத்த முறைக்கு: இன்சூரன்ஸ்

அஞ்சல் துறையிடம் பொருளின் விலையை வாங்குவதற்கு நேரான வழி ஒன்றுதான். புக் செய்யும்போதே இன்சூரன்ஸ் போடுவது. கவுண்டரில் "இன்சூர் பண்ணணும்" என்று நீங்களாகக் கேட்க வேண்டும், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் கூடும். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களில் பெரிய தொகைக்குப் போட முடியாது, துணை அஞ்சலகத்துக்கோ தலைமை அஞ்சலகத்துக்கோ போக வேண்டும்.

இதில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. விலையைக் குறைத்துப் போட்டால் அந்தக் குறைந்த தொகைக்கு மேல் கிடைக்காது. கூட்டிப் போட்டாலும் உண்மை விலைக்கு மேல் கிடைக்காது. தர வேண்டியது பொருளின் நட்டத்தை மட்டுமே. ஆர்டர் போன லாபம், வாடிக்கையாளர் கோபம், மறுபடி அனுப்பிய செலவு எதுவும் கணக்கில் வராது. மூன்றாவது பேக்கிங். இன்சூர் செய்த பார்சலில் வெளிச்சுற்று கிழிந்ததற்கான தடம் இல்லாமல் உள்ளே பொருள் குறைந்தால், நீங்களே குறைவாக வைத்தீர்கள் என்ற சந்தேகம் வரும். அதைத் தீர்ப்பது எடை. ரசீதில் கிராம் கணக்கில் எடை அச்சாகியிருக்கும். பெறுகிறவர் கிழிசலைக் கண்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அஞ்சலக ஊழியர் முன்னிலையில் எடை போட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். ரசீதில் 620 கிராம், அங்கே 180 கிராம் என்றால் வழியில்தான் குறைந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. பதிவு வேண்டுமென்றால் ஸ்பீடு போஸ்ட்டில் கூடுதல் சேவையாகக் கேட்டு வாங்க வேண்டும். அதேபோல் 2025 அக்டோபர் முதல் ஓ.டி.பி. சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதியும் வந்திருக்கிறது. அதற்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். விலை கூடிய பொருளுக்கு இந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். "டெலிவர்டு" என்று வந்து, வாடிக்கையாளர் கிடைக்கவில்லை என்று சொல்லும் தகராறில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

காசே செலவில்லாத ஒன்றையும் செய்யுங்கள். பார்சலுக்குள்ளே, பொருளின் மேல், இரண்டு முகவரியும் போன் எண்களும் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றை வையுங்கள். லேபிள் கிழிந்த தபால் ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ் என்ற பிரிவுக்குப் போகும். அங்கே திறந்து பார்ப்பவருக்கு முகவரி கிடைத்தால் உங்களுக்கே திரும்பி வரும்.

தனியார் கூரியர் மேலா?

வேகத்தில், வாசலில் வந்து எடுப்பதில் மேலாக இருக்கலாம். இழப்பீட்டில் தானாக மேலாகிவிடாது. எல்லா நிறுவனங்களும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. பல கூரியர்களை ஒரே தளத்தில் சேர்த்துத் தரும் ஷிப்பிங் தளங்கள் வழியாக அனுப்பினால் இன்னும் ஒரு சிக்கல்: உங்கள் ஒப்பந்தம் அந்தத் தளத்தோடு, கூரியரோடு அல்ல. கூரியர் ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. தளத்தின் நிபந்தனைகளில் "இழப்புப் பொறுப்பு" என்ற பத்தியைத் தேடி, எவ்வளவு வரம்பு, எத்தனை நாளுக்குள், என்னென்ன ஆவணம் என்ற மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வரம்பு நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்விக்குத் திருப்பூரிலிருந்தே பதில் இருக்கிறது. பாரதி நிட்டிங் கம்பெனி 1990இல் ஜெர்மனி வாங்குபவருக்கு ஏற்றுமதி ஆவணங்களை டி.எச்.எல். வழியாக அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. நகல் ஆவணம் போவதற்குள் கோடைக்கால விற்பனை முடிந்துவிட, வாங்குபவர் விலையைக் குறைத்துவிட்டார். நட்டம் ஏறத்தாழ 4.29 லட்சம் ரூபாய். கூரியர் சீட்டில் பொறுப்பு 100 டாலர் என்று அச்சாகியிருந்தது, அனுப்பியவர் கையெழுத்துப் போட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 1996இல் அந்த 100 டாலர் வரம்பையே உறுதிசெய்தது. கையெழுத்திட்ட நிபந்தனை அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்பதே தீர்ப்பின் சாரம். இதற்கு மறுபக்கமும் உண்டு. அனுப்பியவர் கையெழுத்தே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்து நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. ஆகவே கூரியர் சீட்டின் உங்கள் பிரதியைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்பதே பின்னால் பெரிய விஷயமாகலாம்.

அதே சீட்டில் "ஓனர் ரிஸ்க்", "கேரியர் ரிஸ்க்" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் பழக்கத்தில் ஓனர் ரிஸ்க்கில் டிக் அடித்துவிடுவார். அப்படியென்றால் நட்டம் உங்கள் தலையில். கேரியர் ரிஸ்க்குக்குப் பொருள் மதிப்பில் ஒரு சதவீதக் கணக்கில் கூடுதல் கட்டணம் உண்டு. பார்சல் சர்வீஸ்காரர்கள் இதை எஃப்.ஓ.வி. என்பார்கள். விலை கூடிய பொருளை இந்தக் கட்டணம் கட்டாமல் அனுப்பிவிட்டு முழு விலையையும் கேட்டால் உங்கள் பக்கம் வலுவில்லை.

சாலை வழியே சரக்கு ஏற்றுபவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் கூரியர் நிறுவனங்களும் இதன் வரையறைக்குள் வருகின்றன. கூடுதல் ஆபத்துக் கட்டணம் கட்டாவிட்டால் பொறுப்பு, கட்டிய சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கு வரைதான். அறிவித்த மதிப்பைத் தாண்டாது. 90 ரூபாய்க்கு 900. இதைவிட முக்கியம் 16ஆம் பிரிவு: புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும். இந்தக் கணக்கு தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. சாட்டில் பேசியதையும் டிக்கெட் எண்ணையும் (புகார்ப் பதிவு எண்) நம்பி நோட்டீஸ் அனுப்பாமல் விட்டவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒரு கடிதம், ஒப்புகையோடு. வக்கீல் வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

கிளெய்ம் எங்கே உடைகிறது

நிராகரிக்கப்படும் கிளெய்ம்களில் முதல் காரணம், பார்சலை எடுத்ததற்கே ஆதாரம் இல்லாதது. பிக்கப் பையன் வந்து முப்பது பார்சலை மூட்டையில் போட்டு எடுத்துப் போகிறார். அன்று மாலை இருபத்தொன்பதுதான் ஸ்கேன் ஆகிறது. முப்பதாவது "பிக்கப் ஆகவில்லை" என்றே காட்டும். தளத்திலிருந்து மேனிஃபெஸ்ட் தாளை (அன்று ஒப்படைக்கும் பார்சல்களின் பட்டியல்) அச்செடுத்து, எண்ணிக்கையோடு அவர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அவசரப்பட்டால் தாளையும் பார்சல் குவியலையும் அவரையும் ஒரே போட்டோவில் பிடியுங்கள். இந்தத் தாள் இல்லாமல் ஸ்கேன் ஆகாத பார்சலுக்கு யாரும் ஒரு ரூபாய் தரமாட்டார்கள்.

இரண்டாவது, விலைக்கு ஆதாரம். விற்பனை இன்வாய்ஸ் மட்டும் போதாது. பல நிறுவனங்கள் வாங்கிய பில்லையும் கேட்டு, இரண்டில் குறைந்ததைத் தரும். கையால் செய்த பொருளுக்கு வாங்கிய பில் இருக்காது. அதற்கு மூலப்பொருள் பில்கள், அதே பொருளை முன்பு அதே விலையில் விற்ற இரண்டு மூன்று ஆர்டர்கள், பணம் வங்கிக்கு வந்த பதிவு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். கட்டணம் மிச்சமாகட்டும் என்று 4,800 ரூபாய் சேலைக்கு 500 ரூபாய் என்று மதிப்பு எழுதியவர், தொலைந்த பிறகு 4,800 கேட்க முடியாது. "துணி" என்று எழுதி உள்ளே செல்போன் வைத்தவருக்கும் அதே கதிதான். தங்கம், ரொக்கம், கண்ணாடி, திரவம் போன்றவற்றை நிறுவனங்கள் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள பொருளுக்கு எந்தக் கிளெய்மும் எடுபடாது.

மூன்றாவது, கெடு. ஸ்கேன் அசையாமல் மூன்று வேலை நாள் ஆனதும் முதல் டிக்கெட் போடுங்கள். அடுத்த நாலைந்து நாளில் அசையாவிட்டால் "தொலைந்ததாக அறிவியுங்கள்" என்று தனியாகக் கேளுங்கள். "விசாரணையில் உள்ளது, 48 மணி நேரம் பொறுங்கள்" என்ற பதில் திரும்பத் திரும்ப வரும். அது தீய எண்ணத்தால்தான் வருகிறது என்று சொல்ல முடியாது, உதவி மையத்தில் இருப்பவருக்கு வேறு பதில் சொல்ல அதிகாரம் இல்லை. ஆனால் அதற்குள் கிளெய்ம் கெடு முடிந்துவிடும். விசாரணை நடக்கட்டும், கிளெய்மையும் இன்றே பதிகிறேன் என்று எழுதி, ஆவணங்களை இணைத்து, மின்னஞ்சலில் அனுப்புங்கள். சாட் ஜன்னல் மூடினால் பதிவு போய்விடும், மின்னஞ்சல் போகாது.

"டெலிவர்டு" என்று காட்டி, வாடிக்கையாளர் கிடைக்கவில்லை என்றால் அது வேறு வகை. கூரியரின் கணக்கில் அது தொலைந்த பார்சல் அல்ல. இதற்கான கெடு பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் இருக்கும், எனவே வாடிக்கையாளர் செய்தி அனுப்பிய அன்றே புகார் போக வேண்டும். பட்டுவாடா ஆதாரத்தைக் கேளுங்கள்: யார் கையெழுத்து, எந்த இடத்தில் ஸ்கேன் ஆனது, ஓ.டி.பி. பதிவு உண்டா, போட்டோ உண்டா. கூடவே வாடிக்கையாளரிடமிருந்து "இந்த எண் பார்சல் எனக்கோ என் வீட்டாருக்கோ வந்து சேரவில்லை" என்று கையெழுத்திட்ட ஒரு வரி. உண்மையில் கிடைக்காதவர் இதைத் தயங்காமல் தருவார். தயங்குகிறார் என்றால் பக்கத்து வீட்டையும் வாட்ச்மேனையும் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரியில் மறுக்கப்பட்டுத் திரும்பும் பார்சல்களில்தான் பொருள் மாறுவதும் காலிப் பெட்டி வருவதும் அதிகம். திரும்பி வரும் பார்சலுக்கு ஓ.டி.பி. சொல்வதற்கு முன் எடை போடுங்கள். குறைந்தால் பெறும் சீட்டிலேயே "எடை குறைவு, டேப் மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள், இல்லையேல் வாங்காதீர்கள். திறக்கும் வீடியோ ஒரே ஓட்டமாக, நடுவில் வெட்டில்லாமல் இருக்க வேண்டும்: லேபிள் எண், ஆறு பக்கமும், எடைத் தராசு, பிறகு கத்தி. அனுப்பும்போதும் இதே வரிசையில் எடுங்கள். அமேசானில் சேஃப்-டி, ஃப்ளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். என்ற விற்பனையாளர் கிளெய்ம்கள் இந்த வீடியோவையும் போட்டோக்களையும் வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. அங்கே கெடு, பொருள் திரும்பி வந்த நாளிலிருந்து எண்ணப்படும், அதுவும் குறுகியது. திரும்பிய பார்சலை வாரக் கடைசியில் மொத்தமாகப் பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கவனிக்க

தொலைந்த, திருடுபோன, அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு சொல்கிறது. எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். 3,500 ரூபாய்க்கு வாங்கிய சேலைக்கு 5 சதவீதம் வரி 175 ரூபாய். கூரியர் நிறுவனம் "உங்களுக்கு வரி வரவு கிடைக்கும்" என்று சொல்லி 3,500 மட்டும் தந்தால், அந்த 175 உங்கள் கையை விட்டுப் போகிறது. வரவைத் திருப்பிவிட்டதற்கான ஆடிட்டர் சான்றோடு 3,675 கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்காமல் தந்ததில்லை. விற்பனை இன்வாய்ஸை ரத்து செய்வது, கிரெடிட் நோட் போடுவது பற்றியும் அந்த மாதத்திலேயே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

தராவிட்டால் எங்கே போவது

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவது முதல் படி. செலவில்லை, பல நிறுவனங்கள் அந்த நிலையிலேயே பேச வருகின்றன. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், 2025 முதல் ஈ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். செலுத்திய சேவைக் கட்டணத்தை வைத்தே மனுக் கட்டணம் கணக்கிடப்படுவதால், 5 லட்சம் வரை கட்டணம் ஏதுமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் விற்பனையாளர்களுக்கு இங்கே ஒரு முள் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்ல என்கிறது 2019ஆம் ஆண்டு சட்டம். சுயதொழிலில் வயிறு கழுவுபவருக்கு விதிவிலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று விளக்கியது. ஆனால் 2019 சட்டத்தின் அந்த விளக்கம் "வாங்கிப் பயன்படுத்தும் பொருள்" பற்றித்தான் வெளிப்படையாகப் பேசுகிறது. சேவையைக் குறித்த பழைய வாசகம் அதில் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார். மனுவின் முதல் பக்கத்திலேயே, ஆட்கள் வைக்காமல் நீங்களே நடத்தும் தொழில், குடும்ப வருமானம் இதுதான் என்பதை ஆதாரத்தோடு எழுதிவிடுங்கள். பத்துப் பேரை வைத்து நடத்தும் நிறுவனமாக இருந்தால் இந்த வழியை நம்ப வேண்டாம்.

பலரும் மறந்துவிடும் இன்னொரு வாசல் நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 22ஏ பிரிவு, சரக்குப் போக்குவரத்தையும் தபால் சேவையையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளாகப் பட்டியலிடுகிறது. இங்கே "நீ நுகர்வோரா" என்ற கேள்வியே எழாது. நீதிமன்றக் கட்டணம் இல்லை. சமரசம் ஆகாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். வேறு எந்த நீதிமன்றத்துக்கும் போகும் முன் போக வேண்டும் என்பதே நிபந்தனை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள். வணிகம் செய்பவர் கூரியர் நிறுவனத்துக்கு எதிராகப் போவதற்கு என் கணிப்பில் முதல் வாசல் இதுதான்.

வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்கு

அஞ்சல் வழியே போன பார்சலுக்கு உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி: அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கோர வேண்டும். சாதாரணப் பார்சல் தொலைந்தால் இழப்பீட்டு வரம்பு பார்சலுக்கு 40 எஸ்.டி.ஆர்., கூட கிலோவுக்கு 4.50 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியம் மதிப்பிடும் கணக்கு அலகு. 2 கிலோ பார்சலுக்கு 49 எஸ்.டி.ஆர். வருகிறது. இதைக் கேட்க வேண்டியது அனுப்பியவர், இந்தியாவில். அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கும் வாடிக்கையாளரை அங்குள்ள தபாலகத்துக்கு அலையவிடாதீர்கள்.

எதை இன்சூர் செய்வது

எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் போட்டால் லாபம் அதிலேயே போய்விடும். மாதம் 500 பார்சல், சராசரி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3 லட்சம். அதில் 1 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கினால் 3,000 ரூபாய். ஐந்து பார்சல் தொலைந்தாலும் தாங்கும். இந்த ஒதுக்கீட்டைத் தனியொரு பார்சலே விழுங்கிவிடும் என்றால் அதை இன்சூர் செய்யாமல் அனுப்பக் கூடாது. கேள்வியில் சொன்ன 4,800 ரூபாய்ச் சேலை அந்த வகை. மாதம் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்புபவர்கள் பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் டிரான்ஸிட் ஓப்பன் பாலிசி (வழியில் இருக்கும் சரக்குகளுக்கெல்லாம் சேர்த்து எடுக்கும் காப்பீடு) கேட்டுப் பார்க்கலாம். அதில் 'ஏ' வகை விதி திருட்டும் காணாமல் போவதும் உட்பட எல்லா ஆபத்துக்கும். 'சி' வகை தீ, மின்னல் இரண்டுக்கு மட்டும். விலை குறைவு என்று 'சி' எடுத்தால் தொலைந்த பார்சலுக்கு ஒன்றும் வராது. பாலிசி இருக்கும்போது கூரியர் நிறுவனத்திடம் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் கூரியரிடம் வசூலிக்கும் உரிமை அதனால் கெட்டு, உங்கள் கிளெய்மும் கெடும்.

வாடிக்கையாளரை இந்த விவகாரத்தில் காத்திருக்க வைக்காதீர்கள். இழப்பீடு உங்களுக்கும் கூரியருக்கும் இடையிலானது. அவர் பணம் கட்டியவர். தொலைந்தது ஏறத்தாழ உறுதியானதும் பணத்தைத் திருப்புங்கள் அல்லது மறுபடி அனுப்புங்கள், அந்தப் பதிவைக் கிளெய்மோடு இணைத்தால் நட்டத்துக்கு அதுவே சான்று. மறுபடி அனுப்புமுன் ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்: "முதல் பார்சல் பின்னால் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புகிறேன்." தொலைந்த பார்சல்கள் சில மாதம் கழித்தும் வந்து சேர்வதுண்டு. இழப்பீடு வாங்கிய பிறகு அப்படி வந்தால் கூரியர் நிறுவனம் கொடுத்த தொகையை அடுத்த பில்லில் பிடித்துக்கொள்ளும், பொருளோ வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும்.